மாணாக்கனின் கணக்குப் புத்தகம்

ஐக்கிய அமெரிக்காவின் உயர்நிலைப் பள்ளிகளில் பயிர்த்தொழில் கற்கும் மாணாக்கன் பாடம் கேட்பதோடு நில்லாது, ஒரு துண்டு நிலத்தையோ ஒரு கன்றையோ தன் பொறுப்பில் ஏற்று, வரவு செலவு எழுதிக் காட்டவேண்டும் என்பது நெடுநாளைய ஏற்பாடு. ஆசிரியர்கள் இதைப்பற்றிக் கருதுவது யாது என்பதை நம் அங்கத்தினர்கள் அறிதல் நன்று.

இம்முறைக்கு வித்திட்டவர் ரூபஸ் ஸ்டிம்சன். 1908-ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்து நார்தாம்ப்டனில் ஸ்மித் விவசாயப் பள்ளியின் தலைமையை ஏற்றவர். பள்ளிப் பண்ணையில் விளைச்சல் பொய்த்தால் நஷ்டம் மாணாக்கனைச் சாராது. வீட்டு நிலத்திலோ சாரும். ஆகவே வீட்டிலேயே செய்யட்டும் என்றார். 1917-இல் நிறைவேறிய ஸ்மித்–ஹியூஸ் சட்டமும் ஆண்டில் ஆறு மாதமேனும் மேற்பார்வையுடன் கூடிய செய்கைப் பயிற்சி வேண்டுமென விதித்தது.

இதன் பயனை ஆசிரியர்களில் பெரும்பாலோர் மறுப்பதில்லை. ஆயினும் நடைமுறை அவர்தம் நம்பிக்கையை எட்டவில்லை. ஒவ்வொரு வீட்டிற்கும் சென்று பார்வையிட நேரமில்லை என்பது முதற்குறை. கணக்கு எழுதவைப்பது அதனினும் கடினம். தகப்பனாரின் போரிலிருந்து எடுத்த தீவனத்தை எழுதாமல், கன்று விற்ற பணத்தை மட்டும் எழுதினால் கிடைப்பது பொய் லாபமன்றோ? இதில் நாம் அச்சிறுவனை நகைக்க இடமில்லை. சொந்த வைக்கோலுக்கு விலை வைத்து எழுதும் உழவர் நம்மில் எத்தனை பேர்? வீட்டுப் பெண்டிர் தார் சுற்றும் உழைப்பைச் சேலையின் அடக்கவிலையில் சேர்க்கும் நெசவாளர் எத்தனை பேர்? ஆசிரியர் அந்தத் தீவனத்திற்குச் சந்தை விலையிட்டு எழுதச் சொல்லும் நாளில்தான் பாடம் தொடங்குகிறது என்பது நம் எண்ணம்.

நிலமில்லாத பிள்ளையின் நிலை என்ன? இதுவே ஆசிரியர்களை மிகவும் வருத்தும் வினா. 1963-ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சியைப் பண்ணைக்கு வெளியிலும் விரித்தது. இப்போது விதைக் கடையில் கூலிக்கு உழைப்பதும், ஆராய்ச்சி செய்வதும் பயிற்சியாக ஏற்கப்படுகின்றன. கடைவேலை சொந்தப் பயிருக்கு ஈடாகுமா என்று ஐயுறுவோர் உளர். கூலிவேலையில் நஷ்டத்தின் சுமை இல்லை என்பது மெய்யே. ஆனால் நிலமுள்ளவன் வீட்டுப் பிள்ளைக்கே மதிப்பெண் என்றால், மதிப்பெண் தகப்பனுக்கன்றோ போய்ச்சேரும்? பள்ளியின் கண்ணாடி வீட்டில் நான்கு தட்டு நாற்றுக்கு இடங்கொடுத்து, விதைக்கும் உரத்திற்கும் அப்பிள்ளையின் பெயரிலேயே பற்றெழுதி, விற்றபின் கழித்துக்கொள்வது நமக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. நாற்றுக் கருகினால் பற்று நிற்கும். அதையும் அவனே எழுதவேண்டும்.