எந்தக் கடலை எடுக்கப் போகிறாய்?

அன்புள்ள கதிருக்கு,

நீ அனுப்பிய தனுஷ்கோடிப் படங்களைப் பார்த்தேன். இடிந்த தேவாலயச் சுவர், பின்னால் செக்கச் சிவந்த வானம். ஃபோகஸிலும் வெளிச்சத்திலும் குறையில்லை. ஆனாலும் அந்த இடத்தின் உணர்வு படத்தில் இறங்கவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். வானம் சிவந்தால் உணர்வு தானாக வந்துவிடும் என்று நம்பியதுதான் காரணம். சிவந்த வானம் எல்லாக் கடற்கரையிலும் உண்டு. 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர் அங்கே மட்டும்தான். எந்த உணர்வு வேண்டும் என்று முதலில் முடிவு செய், பொழுதும் ஷட்டரும் சட்டகமும் அதற்குப் பிறகு என்பதே நான் சொல்ல வருவது.

இது நம் இலக்கணத்துக்குப் புதிதல்ல. நிலமும் பொழுதும் முதற்பொருள், அந்த நிலத்து மரமும் பறவையும் தொழிலும் கருப்பொருள், உணர்வு உரிப்பொருள் என்று வகுத்தார்கள். கடல்நிலமான நெய்தலுக்குரிய பொழுது எற்பாடு, வெயில் சாயும் நேரம், உணர்வு இரங்கல். சோழமண்டலக் கரையில் நின்று பார்: அந்த நேரத்தில் சூரியன் உன் முதுகுக்குப் பின்னால் நிலத்தில் இறங்குகிறது. கடலில் நெருப்பெல்லாம் இல்லை. நுரை மட்டும் வெளிறித் தெரிய, தொடுவானம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. இரங்கலுக்கு அந்த மங்கல்தான் பொருந்தும். கேமராவின் ஆட்டோ ஒயிட் பேலன்ஸோ அந்த மங்கலின் நீலச் சாயலைப் பிழை என்று எண்ணித் திருத்தப் பார்க்கும். அதைப் பகல் வெளிச்சத்துக்கான அளவில் நிறுத்தி வை.

ஷட்டரும் இப்படித்தான். நொடியில் 500-ல் ஒரு பங்கு திறந்தால் அலை துளித்துளியாக உறைந்து சீற்றம் காட்டும். அரை நொடியில், திரும்பும் நீர் மணலில் கோடுகளாக இழுபடும். அது பிரிவின் சாயல். ஒளியைச் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் பத்து ஸ்டாப் ஃபில்டரைப் போட்டு 30 நொடி திறந்தால் அலையே பனிமூட்டமாகிவிடும். இராமேசுவரத்தில் பாக் விரிகுடாவைப் பெண் கடல் என்றும் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். பொங்கி வரும் ஆண் கடலை 30 நொடியில் வழவழப்பாக்கினால் அழகு மிஞ்சும், அந்தக் கடல் மிஞ்சாது.

உணர்வை முன்கூட்டியே தீர்மானிப்பது பொய்யில்லையா என்று நீ கேட்கலாம். 1850-களில் பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே கடலைப் படமெடுத்தபோது, கொலோடியன் தகடு நீல ஒளியை அளவுக்கு மீறி வாங்கியது. கடலுக்குப் போதுமான ஒளி கொடுத்தால் வானம் வெளுத்துப்போகும். கடலுக்கு ஒன்று, வானுக்கு ஒன்று என இரண்டு நெகட்டிவ்களை இணைத்து அவர் அச்சிட்டார். கண் இரண்டையும் ஒருங்கே பார்க்கிறது. கருவி தவறவிட்டதை மீட்பது பொய்யாகாது. ஆனால் ஒரே மேகத்தை வெவ்வேறு கடல்களுக்கும் அவர் பொருத்தியதுண்டு. அந்த இடத்தில் நான் அவரோடு உடன்பட மாட்டேன்.

இன்னொரு மறுப்பு வலுவானது. ஒளிப்படக் கலைஞர் ஹிரோஷி சுகிமோட்டோ 1980-லிருந்து எடுத்துவரும் கடற்படங்களில் படகில்லை, பறவையில்லை. பாதி நீர், பாதி வானம். கருப்பொருளே இல்லாமல் உணர்வு எப்படி வந்தது? எல்லாவற்றையும் விலக்குவது என்று அவர் முன்பே முடிவு செய்ததால் வந்தது. சட்டகம் மாறாதபோது, படத்துக்குப் படம் மாறும் ஒளியும் காற்றும்தான் பேசுகின்றன. முடிவு முந்தியது என்பதற்கு அவரே சாட்சி.

ஆகவே அடுத்த முறை கிளம்புமுன் நோட்டில் ஒரே ஒரு சொல் எழுது: தனிமை, சீற்றம், இழப்பு, எதுவானாலும் சரி. அதற்கு உதவாத எதையும் சட்டகத்துக்குள் விடாதே. வெளிச்சம் நம் கையில் இல்லை என்பது உண்மைதான். அது ஒத்துவராத நாளில் காத்திரு. காத்திருக்க முடியாவிட்டால் சொல்லை மாற்றிக்கொள். வானத்தை மட்டும் மாற்றாதே.

அன்புடன்,
உன் மாமா