பத்துப் பிள்ளைகளும் ஒரு சதவீதமும்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதந்தோறும், கிராமத்துச் சிறு அரசுப் பள்ளிகளைப் பற்றிய ஒரே வதந்தி ஊர் ஊராகச் சுற்றி வருகிறது. கணிதம் கற்றவர்களே அதற்குப் பிரசாரகர்களாக இருப்பதைக் கண்ட பிறகு, புள்ளியியல் போதிப்பதைத் தொழிலாகக் கொண்ட நான் வாளாவிருப்பது தர்மமாகாது.

நம்பிக்கை: பிள்ளைகள் குறைந்தால் படிப்பும் குறையும், தேர்ச்சிச் சதவீதமே அதற்குச் சாட்சி.

உண்மை: அச்சதவீதம் எதற்கும் சாட்சியன்று. பத்துப் பேர் தேர்வெழுதும் உயர்நிலைப் பள்ளியில் ஒரு பையன் கணக்கில் தவறிவிட்டால் நூறு தொண்ணூறாகிறது. காய்ச்சலோடு வந்து எழுதிய ஒரு பெண்ணும் தவறிவிட்டால் எண்பதாகிறது. இருநூறு பேர் எழுதும் நகரப் பள்ளியிலோ, அதே இருவர் தவறினாலும் 99 என்று நாளேடுகளில் பெருமையாக அச்சாகிறது. இரு பள்ளிகளிலும் போதனை சமமே என்றும், எந்தப் பிள்ளையும் தேறுவதற்குள்ள சாத்தியம் 90 சதவீதம் என்றும் வைத்துக்கொண்டு கணக்கிட்டால், சிறிய பள்ளி ஏறத்தாழ மூன்று ஆண்டுக்கு ஒரு முறை நூறை எட்டும். ஏறத்தாழ நான்கு ஆண்டுக்கு ஒரு முறை எண்பதுக்கோ அதற்கும் கீழோ இறங்கும். பெரிய பள்ளி நூறையும் எட்டாது, எண்பதுக்கும் இறங்காது, தொண்ணூறை ஒட்டியே நிற்கும். உபாத்தியாயர் மாறாமல், பாடமும் மாறாமல், தற்செயல் ஒன்றே விளைவிக்கும் இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்து, சென்ற ஆண்டு மாலை போட்டவர்கள் இந்த ஆண்டு மாற்றுச் சான்றிதழ் கேட்டு நிற்பது எவ்வளவு பெரிய அவிவேகம்!

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பள்ளிகளை ஆராய்ந்த ஹோவர்ட் வெய்னர் என்னும் புள்ளியியல் அறிஞர், மதிப்பெண் பட்டியலின் உச்சியிலும் அடியிலும் சிறு பள்ளிகளே தம் விகிதத்துக்கு மீறி இடம்பெற்றிருப்பதை நிரூபித்தார். அந்நாட்டில் உச்சியை மட்டும் பார்த்துச் சிறு பள்ளியே மேலானது என்று பெரும் பொருளைச் செலவிட்டார்கள். நம் நாட்டில் அடியை மட்டும் பார்த்து அதுவே தாழ்ந்தது என்று பிள்ளைகளை வேனில் ஏற்றி அனுப்புகிறோம். இரண்டும் ஒரே பிழையின் இரு முகங்கள்.

சேர்க்கை குறைவதற்கோ காரணங்கள் வேறு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தைகளே பிறக்கின்றன. ஜனத்தொகை குறையாமல் நிற்க 2.1 வேண்டும். குடும்பங்கள் பிழைப்புக்காகத் திருப்பூருக்கும் கோவைக்கும் பெயர்கின்றன. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமோ தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடங்களை ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கி, அவர்களுக்கான கட்டணத்தை அரசு செலுத்த வேண்டும் என்கிறது. இவற்றுள் எதற்குக் கரும்பலகையின் முன் நிற்கும் ஆசிரியர் பொறுப்பாவார்?

நம்பிக்கை: ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர் என்றால் படிப்பு வராது.

உண்மை: அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது அதே சட்டத்தின் விதி, இருபது பேர் உள்ள பள்ளியில் ஓர் ஆசிரியருக்குப் பத்துப் பிள்ளைகளே. பல வகுப்புப் பிள்ளைகளை ஒன்றாக அமர்த்திக் கற்பிக்கும் முறையை மதனப்பள்ளிக்கு அருகில் ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகள் வகுத்துக் காட்ட, அதிலிருந்து கிளைத்த செயல்வழிக் கற்றல் முதலில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கும், பின்னர் தமிழ்நாடு முழுவதற்கும் பரவியது.

நம்பிக்கை: அரசுப் பள்ளியில் படித்தவனுக்கு மேற்படிப்பில் இடமில்லை.

உண்மை: ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் பயின்றோருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடம் 2020 முதல் ஒதுக்கப்படுகிறது. அவர்களுள் கல்லூரி சேரும் பெண்களுக்கு 2022 முதல் மாதம் ஆயிரம் ரூபாயும் கிடைக்கிறது.

ஆகையால் நாளேடுகளுக்கும் கல்வித் துறைக்கும் நான் வற்புறுத்துவது இதுதான்: எத்தனை பேரில் எத்தனை பேர் தேறினர் என்று எழுதாமல் எந்தப் பள்ளியின் சதவீதத்தையும் அச்சிடாதீர்கள், இருபதுக்குக் குறைந்தவர் தேர்வெழுதும் பள்ளிக்கு ஐந்தாண்டுத் தொகையைச் சேர்த்தே வெளியிடுங்கள். முக்கால் பங்கு பெற்றோரும், பாதிக்குக் குறையாமல் பெண்களும் இருக்க வேண்டிய பள்ளி மேலாண்மைக் குழுவின் ஒவ்வொரு கூட்டத்திலும், ஒரு பட்டியலை வாசித்துப் பொருள் கொள்ளும் பயிற்சிக்கு ஒரு மணி நேரத்தை ஒதுக்குங்கள். பெற்றோரே, அடுத்த சேர்க்கைக்கு முன் ஊர்ப் பேச்சைக் கேட்காமல் பள்ளிக்கே செல்லுங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளையை ஒரு பத்தி வாசிக்கவும் கடன்வாங்கிக் கழித்தல் ஒன்று போடவும் சொல்லுங்கள். அதை நேரில் கண்ட பிறகு நீங்கள் எடுக்கும் முடிவு எதுவாயினும், அது ஆதாரமுள்ள முடிவாக இருக்கும்.