திருவண்ணாமலையில் ஊசித்துளை கேமரா

சூரியன் நாள்தோறும் செல்லும் பாதையை மாதக்கணக்கில் ஒரே தாளில் பதிய லென்ஸ் வேண்டாம். காலி குளிர்பான டின், குண்டூசி, கறுப்பு வெள்ளை போட்டோ பேப்பர் போதும். டின்னின் பக்கவாட்டில் நடு உயரத்தில் துளையிட வேண்டும். 66 மி.மீ. விட்டமுள்ள டின்னுக்கு 0.35 மி.மீ. துளை பொருத்தம். ஊசியின் முனை மட்டும் இறங்கினால் போதும். பிசிறை உப்புத்தாளால் தேய்த்துவிடலாம். பேப்பரின் பூச்சுள்ள பக்கம் துளையைப் பார்க்க வேண்டும்.

வெளிநாட்டுக் குறிப்புகள் டின்னைத் தெற்கு நோக்கி வைக்கச் சொல்லும். இந்த ஊரில் அது வீண்வேலை. நிமிர்ந்து நிற்கும் டின் அடிவானத்திலிருந்து 40, 45 பாகை வரைதான் பார்க்கும். இங்கு டிசம்பரில்கூட நண்பகல் சூரியன் 54 பாகையில் நிற்கிறது. ஏப்ரல் பிற்பாதியில் அது உச்சந்தலைக்கு வந்து, ஆகஸ்ட் வரை வடக்கே சாய்ந்திருக்கும். இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷையர் பல்கலைக்கழக வானாய்வகத்தில் 2012-இல் கட்டி, 2020-இல் கழற்றிய பியர் டின்னில் 2,953 வில்வளைவுகள் பதிந்திருந்தன. இங்கு கிடைப்பது ஏறக்குறைய செங்குத்தான கோடுகள். மலைமேல் அவை இறங்கும் அழகுக்கு வில்வளைவு ஈடாகாது.

ஆகவே, கோயிலுக்குக் கிழக்கே ஏதேனும் மொட்டைமாடியில் மேற்கு நோக்கி வைப்பது நல்லது. கிரிவலப் பாதையில் ஆதி அண்ணாமலைப் பக்கமானால் கிழக்கு நோக்கி. சூரியன் மறையும் இடம் மேற்கிலிருந்து இருபுறமும் 24 பாகை நகர்வதால் முழு வீச்சும் படத்தில் அடங்கும். பே கோபுரத்தை ஒட்டிய தெருக்களில் மலை மிக நெருக்கம். தாளில் பாதியை அதுவே அடைத்துக்கொள்ளும்.

டிசம்பர் 21-ஐ ஒட்டித் தொடங்கி ஜூன் 21-இல் எடுப்பது உத்தமம். வடகிழக்குப் பருவமழை அப்போது ஓய்ந்திருக்கும். சித்திரை வெயிலில் டின்னை மூடி ஒட்டிய கறுப்பு டேப்பின் பசை இளகும் என்பதால் மேலே கட்டுக்கம்பி சுற்ற வேண்டும். குரங்குகளுக்கும் அதுவே காவல். பொது இடத்தில் டேப் சுற்றிய டின்னைக் கட்டினால் போலீஸ் வந்து கேட்கும். கார்த்திகை தீபம் பதியும் என்ற ஆசை வேண்டாம். இவ்வளவு மந்தமான தாளுக்கு அந்தச் சுடர் போதாது.

எடுத்த தாளை டெவலப்பரில் போட்டால் முழுவதும் கறுத்துவிடும். ஹைப்போவில் போட்டால் வெளிறும். மங்கலான அறையில் ஒரே முறை ஸ்கேன் செய்து, கணினியில் நெகட்டிவை மாற்றி, இடவலமும் திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால் மலையின் சரிவு மாறி, உள்ளூர்க்காரருக்கே அடையாளம் தெரியாது. கோடுகளில் தென்படும் இடைவெளிகள் மேகம் மறைத்த நேரங்கள். மூலத்தாளை ஒளி புகாத உறையில் வைக்க வேண்டும்; வெளிச்சம் பட்டால் அது தொடர்ந்து கறுக்கும்.