சொந்த வீட்டிற்கு முன்கூட்டியே ஆயத்தம்

(படிப்பு வட்டப் பாடம்)

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பது நம் முன்னோர் வாக்கு. இவ்விரு காரியங்களையும் ஒரே பழமொழியில் அவர்கள் கோத்து வைத்ததற்குத் தக்க காரணம் உண்டு. இரண்டிற்கும் பணம் ஒரே பெட்டியிலிருந்தே எடுக்கப்படுகிறது. மகளின் திருமணம் முதலில் வந்துவிட்டால் வீடு பின்தங்குகிறது. ஒருமுறை பின்தங்கிய வீடு பெரும்பாலும் அடுத்த தலைமுறையின் பொறுப்பாகிவிடுகிறது.

தறிக் கூலியிலும் வயல் வருவாயிலும் வாழ்வோர்க்குச் சொந்த வீடு எட்டாக் கனி என்று சொல்வார் பலர். வருவாய் குறைவு என்பது மெய்யே. எனினும், அதே வருவாய் உடைய இரு குடும்பங்களுள் ஒன்று வீடு பெறுவதையும் மற்றொன்று வாடகை வீட்டிலேயே முதுமை எய்துவதையும் நாம் நம் சங்கங்களில் காண்கிறோம். ஆயத்தம் தொடங்கிய காலமே பெரும்பாலும் இவ்வேற்றுமைக்குக் காரணம். ஆதலின் இம்மாதப் பாடத்தில், வீடு வாங்குதற்குப் பல ஆண்டுகள் முன்னரே நாம் செய்ய வேண்டியவை யாவை என்பதை ஆராய்வோம்.

1. நமக்கு வேண்டிய வீடு எத்தகையது?

உத்தியோகஸ்தருக்கு வீடு என்பது உறைவிடம். நெசவாளருக்கோ அதுவே தொழிற்சாலையும் ஆகும். குழித்தறி போட்டவர் வாடகை வீட்டைக் காலி செய்ய நேர்ந்தால், புதிய இடத்தில் குழி தோண்டித் தறியை நிறுத்தி மீண்டும் நெய்யத் தொடங்கும் வரை கூலி இல்லை. குழி தோண்ட இசையாத வீட்டுக்காரரும் உளர். வாடகை வீட்டில் இருக்கும் நெசவாளர் வாடகையோடு இந்த வேலையிழப்பையும் சுமக்கிறார்.

எனவே வீடு தேடும் நெசவாளர் சில கேள்விகளை முதலிலேயே கேட்டுக்கொள்ளுதல் வேண்டும். தரைத்தளத்தில் தறிக்கு இடம் உண்டா? ஜக்கார்டு பெட்டி பொருத்தும் அளவு கூரை உயரம் உண்டா? பகல் வெளிச்சம் தறியின் மீது விழுமா? மழைநீர் தறிக்குழியில் ஊறுமா? தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி தோய்க்கும் வழக்கமுடையோர்க்குத் தெருவின் நீளமும் ஒரு சொத்தே. விலை மலிவு என்று மாடிக் குடியிருப்பு ஒன்றை வாங்கிவிட்டு, தறிக்கு வேறிடம் வாடகைக்குப் பிடிப்பது இலாபமாகாது.

விவசாயிக்கு வேறு கேள்விகள் உண்டு. மனை கிராம நத்தத்தில் உள்ளதா, நன்செய் நிலத்தில் பிரித்த மனையா? ஏரி, குளம், ஓடை, வாய்க்கால் ஆகிய நீர்நிலைப் புறம்போக்கு எதனையேனும் அது தொடுகிறதா? மாட்டுக் கொட்டிலுக்கும் விளைபொருள் வைப்பதற்கும் இடம் உண்டா? 2015ஆம் ஆண்டு பெருமழையில் வடமாவட்டங்களில் எந்தெந்த மனைகளில் வெள்ளம் நின்றது என்பதை அவ்வவ்வூர்ப் பெரியோர் இன்றும் சுட்டிக் காட்டுவர். மனை வாங்குமுன் ஒரு மழைக்காலத்திலேனும் அவ்விடத்தை நேரிற் காண்பது நன்று. முன்கூட்டியே தேடத் தொடங்கியவருக்கே இந்த அவகாசம் கிட்டும்.

2. முழுச் செலவு எவ்வளவு?

மனையின் விலையை மட்டும் கணக்கிட்டுப் பணம் சேர்ப்போர் பதிவு நாளன்று திகைப்பர். தமிழகத்தில் 2023 ஏப்ரலில் செய்யப்பட்ட மாற்றத்தின்படி, கிரயப் பத்திரத்திற்கு முத்திரைத் தீர்வை 5 சதவிகிதம், சொத்து மாற்று வரி 2 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம், ஆக 9 சதவிகிதம் ஆகிறது. பத்திரத்தில் எழுதும் விலை, அரசின் வழிகாட்டி மதிப்பு ஆகிய இரண்டில் எது மிகுதியோ அதன்மேல் இது கணக்கிடப்படும். 6 லட்ச ரூபாய் மனைக்கு 54,000 ரூபாய் இவ்வகையில் வேண்டும். 2025 ஏப்ரல் முதல், 10 லட்ச ரூபாய்க்கு மேற்படாத சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவிகிதம் குறைக்கப்படும் என அறிவிக்கப்பட்டது. நூல் சுற்றியும் களையெடுத்தும் குடும்ப வருவாயிற் பாதியை ஈட்டும் பெண்களின் பெயரில் வீடு அமைவது நியாயமும் ஆகும். இவ்விகிதங்கள் அவ்வப்போது மாறக்கூடியவை. ஆதலின் வாங்கும் ஆண்டில் பதிவு அலுவலகத்தில் மீண்டும் கேட்டறிக.

இவை தவிர, பத்திரம் எழுதும் கூலி, வழக்கறிஞர் கட்டணம், வரைபட அனுமதிக் கட்டணம், மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு, ஆழ்குழாய்க் கிணறு ஆகியனவும் உண்டு. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டிற்குச் சுயசான்று முறையில் உடனடி அனுமதி தரும் ஏற்பாடு 2024 ஜூலையில் வந்தது. இதனால் அலைச்சல் குறையுமேயன்றிக் கட்டணம் இல்லாமற் போகாது.

முழுத் தொகையும் கடனாகக் கிடைக்கும் என்று எண்ணுவதும் பிழை. 30 லட்ச ரூபாய் வரையுள்ள வீட்டுக் கடனில், வீட்டு மதிப்பில் 90 சதவிகிதத்திற்கு மேல் வங்கிகள் கொடுக்கலாகாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எஞ்சியது நம் கைப்பணமாக இருத்தல் வேண்டும்.

3. சேமிப்பின் கணக்கு

ஒரு கணக்கைக் கரும்பலகையில் எழுதிப் பார்ப்போம். ஆண்டிற்கு 6 சதவிகித வட்டி மாதந்தோறும் சேர்க்கப்படுவதாகக் கொள்வோம். மாதம் 2,000 ரூபாய் வீதம் 10 ஆண்டுகள் செலுத்தினால் முடிவில் 3,27,000 ரூபாய்க்குச் சற்று மேல் கிடைக்கும். நாம் செலுத்தியது 2,40,000; மற்றதெல்லாம் வட்டி. இதே தொகையை ஐந்தே ஆண்டுகளில் அடைய வேண்டுமாயின் மாதம் ஏறத்தாழ 4,700 ரூபாய் செலுத்த வேண்டும். பாதிக் காலத்தைத் தவறவிட்டவருக்கு மாதச் சுமை இரு மடங்குக்கும் மேலாகிறது.

மாதந்தோறும் சேமிப்பது எல்லார்க்கும் ஒத்து வராது. நெசவாளருக்கு ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பாவு காயாது, வேலை குறையும். தீபாவளிக்கு முன்னரும் முகூர்த்த மாதங்களிலும் கை நிறையும். ஆகவே கூலி வாங்கும் நாளிலேயே சங்கத்தில் ஒரு பகுதியைப் பிடித்தம் செய்யச் சொல்லி, போனஸ் தொகையைத் தனி வைப்பாகப் போடுதல் நலம். கைக்கு வந்த பின் சேமிப்போம் என்பார்க்கு மிஞ்சுவது அரிது. விவசாயிக்கோ அறுவடையே சம்பள நாள். நெல் விற்ற பணத்தில் சாகுபடிக் கடனை அடைத்தபின், வேறு செலவு குறுக்கிடுமுன் வீட்டுப் பங்கை நிரந்தர வைப்பில் இடுதல் வேண்டும்.

வீட்டு நிதி, திருமண நிதி, ஆபத்து நிதி ஆகிய மூன்றையும் வெவ்வேறு கணக்குகளில் வைக்குமாறு நாம் வற்புறுத்துகிறோம். மூன்று மாதக் குடும்பச் செலவுக்குப் போதிய ஆபத்து நிதி இல்லாதவர், ஒரு நோய் வந்தால் வீட்டு நிதியை உடைப்பார். உடைந்த நிதி மீண்டும் நிறைவது அரிதினும் அரிது.

பணத்தை எங்கே வைப்பது? மிகுந்த வட்டி தருவதாக ஆசை காட்டும் நிதி நிறுவனங்களிடம் கொடுத்து முதலையே இழந்தோர் உளர். கூட்டுறவு வங்கிகள் உட்பட வங்கிகளில் ஒருவரது வைப்பிற்கு 2020 முதல் 5 லட்ச ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உண்டு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களின் வைப்புகள் அக்காப்பீட்டில் அடங்கா. இதனைச் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. சங்கத்தில் பணம் வைப்போர் பொதுக்குழுவிற்கு வந்து தணிக்கை அறிக்கையைக் கேட்டறிதல் கடமை. நம் சங்கத்தின் பாதுகாப்பு நம் கண்காணிப்பிலேயே உள்ளது.

4. நாணயமும் ஓர் ஆயத்தமே

கடன் கேட்கும் நாளில் வங்கி நம் பழைய வரலாற்றைப் பார்க்கும். பயிர்க் கடன் தவணை தவறியது அதில் தெரியும். பிறருக்கு ஜாமீன் கையெழுத்திட்டு, அவர் செலுத்தாது விட்ட கடனும் நம் கணக்கில் குறையாக நிற்கும். வீட்டுக் கடன் வாங்க எண்ணுவோர் அதற்குச் சில ஆண்டுகள் முன்னிருந்தே ஜாமீன் விஷயத்தில் எச்சரிக்கையாக இருத்தல் தகும்.

நம்மிடம் மாதச் சம்பளச் சீட்டு இல்லை. அதற்கு ஈடாக நிற்பன சங்கத்தின் கூலிப் பதிவும், வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்பட்ட கூலியும், விளைபொருள் விற்ற ரசீதுகளுமே. ரொக்கமாக வாங்கிச் செலவழித்த கூலிக்குச் சாட்சியம் இல்லை. ஆகவே இரண்டு மூன்று ஆண்டுகள் முன்னரே வருவாய் முழுவதையும் கணக்கின் வழியாகப் பெறும் பழக்கத்தை மேற்கொள்க.

5. பத்திரங்களை ஆராய்தல்

முன்பணம் கொடுக்குமுன் பார்க்க வேண்டியவை இவை: விற்பவரின் அசல் பத்திரம், அதற்கு முந்திய மூலப் பத்திரங்கள், வில்லங்கச் சான்று, பட்டா, நில அளவை வரைபடம், சொத்து வரி ரசீது, மனைப்பிரிவாயின் அனுமதி ஆணை.

வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணங்களே தோன்றும். பதிவாகாத ஏற்பாடுகளோ, நிலுவையிலுள்ள எல்லா வழக்குகளோ அதில் இரா. ஆதலின் நகலை மட்டும் காட்டி "அசல் உறவினரிடம் இருக்கிறது" என்பாரிடம் அவசரப்படலாகாது. அசல் எங்கேனும் அடமானத்தில் இருக்கலாம்.

பூர்விகச் சொத்தாயின் வாரிசுகள் அனைவரையும் அறிதல் வேண்டும். இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகள்களுக்கும் பங்கு உண்டு என்பதைத் தமிழகத்தில் 1989ஆம் ஆண்டுத் திருத்தமும், நாடு முழுதும் 2005ஆம் ஆண்டுத் திருத்தமும் நிலைநாட்டின. "அக்காளுக்குச் சீர் செய்தாயிற்று" என்ற சொல் பத்திரம் ஆகாது. இந்து மைனர் ஒருவரின் தனிச் சொத்தாயின், பாதுகாவலர் நீதிமன்ற அனுமதியின்றி விற்றல் செல்லாமற் போகக்கூடும்.

அங்கீகாரமற்ற மனைப்பிரிவுகளின் பதிவைச் சென்னை உயர்நீதிமன்றம் 2016இல் தடுத்தபோது, குறைந்த விலைக்கு மனை வாங்கியிருந்த ஏழை மக்கள் பலர் விற்கவும் கட்டவும் இயலாது தவித்தனர். 2017இல் வரன்முறை விதிகள் வந்தும் கட்டணச் சுமை அவர்கள் தலையிலேயே விழுந்தது. மலிவான மனையின் மெய்விலை பின்னரே தெரியும் என்பதற்கு இஃதொரு பாடம்.

கிரய உடன்படிக்கை எழுதியதால் மட்டும் வீடு நம்முடையது ஆகிவிடாது. பதிவு செய்த கிரயப் பத்திரமே உரிமை தரும். பதிவான பின் பட்டாவைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளுதலையும் மறவற்க.

6. கடனின் அளவு

5 லட்ச ரூபாயை 9 சதவிகித வட்டியில் 15 ஆண்டுகளுக்குப் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ 5,071 ரூபாய். வட்டி மட்டும் 4,12,000 ரூபாய்க்கு மேல். தவணையைக் குறைக்க 20 ஆண்டுகள் கேட்டால் மாதம் 572 ரூபாய் குறையும். மொத்த வட்டியோ ஏறத்தாழ 1,67,000 ரூபாய் கூடும். முன்கூட்டிச் சேமித்து, கடனை 4 லட்சமாகக் குறைத்து 15 ஆண்டுகளில் அடைத்தால் வட்டியில் ஏறத்தாழ 82,500 ரூபாய் மிஞ்சும். நாம் சேர்த்த ஒரு லட்சம் இவ்வாறு நமக்காக உழைக்கிறது.

தவணை எவ்வளவு தாங்கும் என்பதை நல்ல மாதக் கூலியை வைத்துக் கணிக்கலாகாது. அடைமழை மாத வருவாயில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாதிருத்தல் தகும் என்பது நம் கருத்து. பயிர்க் கடனை வாங்கிச் சுவர் எழுப்புவது பெருந்தவறு. பயிர்க் கடன் ஓர் அறுவடையில் திரும்ப வேண்டியது, சுவரோ அறுவடை தராது. மாறும் வட்டியில் தனிநபர் பெற்ற வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் வங்கிகள் அபராதம் விதிக்கலாகாது என ரிசர்வ் வங்கி 2012இல் ஆணையிட்டது. ஆகவே நல்ல விளைச்சல் கண்ட ஆண்டில் அசலில் ஒரு பகுதியைச் செலுத்திவிடுக. கடன் தீர்ந்ததும் அடமானத் தீர்வு ரசீதைப் பதிவு செய்து, அசல் பத்திரங்களைக் கையோடு பெற்றுக்கொள்க.

7. சங்கத்தின் பங்கு

1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்த அவ்வாண்டிலேயே காஞ்சிபுரத்திலும் திருவல்லிக்கேணியிலும் கூட்டுறவு வேர்விட்டது. வீட்டு வசதிச் சங்கங்களுக்குத் தலைமைச் சங்கம் தமிழகத்தில் 1959இல் அமைந்தது. தனியொருவர் வழக்கறிஞருக்குக் கொடுக்கும் கட்டணத்தைப் பத்து அங்கத்தினர் பகிர்ந்துகொள்ளலாம். ஒரே இடத்தில் பத்து மனை கேட்பவருக்கு விலை குறையலாம். பாவு நீட்டத் தக்க தெருவையும் அவர்களே வகுத்துக்கொள்ளலாம். இம்மாதமே ஒவ்வொரு சங்கத்திலும், வீடு வேண்டும் அங்கத்தினரின் பெயர்ப் பட்டியல் ஒன்று எழுதத் தொடங்கப்படுமாக. இளம் தம்பதியரின் பெயர்கள் அதில் முதலில் இடம்பெறட்டும்.

படிப்பு வட்டத்தில் ஆராய்தற்குரிய வினாக்கள்

1. நம் ஊரில் ஒரு தறி போடத்தக்க வீட்டிற்கு எத்தனை சதுர அடி மனை வேண்டும்? அதன் வழிகாட்டி மதிப்பு யாது?

2. அம்மதிப்பிற்குப் பதிவுச் செலவு எவ்வளவு ஆகும்?

3. சென்ற ஆண்டில் உங்கள் குடும்பத்திற்கு வருவாய் மிகக் குறைந்த மாதம் எது? அம்மாதத்தில் எவ்வளவு தவணை தாங்கும்?

4. நீங்கள் யார் யாருக்கு ஜாமீன் இட்டிருக்கிறீர்கள்? அக்கடன்களின் இன்றைய நிலை யாது?

5. கூலி நாளிலேயே வீட்டு நிதியைப் பிடித்தம் செய்ய நம் சங்கத்தின் துணைவிதிகளில் இடம் உண்டா? இல்லையெனில் அடுத்த பொதுக்குழுவில் என்ன தீர்மானம் கொண்டுவருவீர்கள்?