மதுரைக்குப் போகுமுன்

ஜொகூர் பாரு

அன்புள்ள மகளுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். மதுரைப் பயணத்தில் படம் வரைந்து பழகலாமா என்று கேட்டிருந்தாய். கூடவே, சிங்கப்பூரில் ஒரு பெரிய வண்ணப்பெட்டி பார்த்து வைத்திருக்கிறேன் என்றும் எழுதியிருந்தாய். அதை வாங்காதே. தண்ணீர் பட்டால் கரையாத கறுப்பு மைப் பேனா ஒன்று, கைப்பைக்குள் அடங்கும் தடித்த தாள் புத்தகம் ஒன்று, அவ்வளவுதான். வண்ணத்தைப் பற்றி அடுத்த வருஷம் பேசுவோம்.

மதுரையில் தொடங்காதே. இங்கேயே தொடங்கு. சுல்தான் அபு பக்கார் பள்ளிவாசலை முதல் தடவை வரைந்தபோது நான் அதன் கோபுரங்களின் தலையில் வெங்காயம் மாதிரி குமிழ் வைத்துவிட்டேன். பக்கத்தில் நின்ற பையன் எட்டிப் பார்த்து, "இது எந்த ஊர்ப் பள்ளிவாசல், ஆன்ட்டி?" என்றான். நிமிர்ந்து பார்த்தால், அவை இங்கிலாந்து மணிக்கூண்டு போல நிற்கின்றன! 1892-இல் தொடங்கி 1900-இல் முடித்த கட்டடம், விக்டோரியா காலத்து மோஸ்தர். நாற்பது வருஷம் பஸ்ஸில் கடந்து போயிருக்கிறேன். பள்ளிவாசல் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று மனசு சொன்னதைக் கை போட்டிருக்கிறது. அதனால் ஒரு கோடு போடுவதற்கு முன் இரண்டு தடவை பார். தாளைவிட எதிரில் இருப்பதைத்தான் அதிக நேரம் பார்க்க வேண்டும்.

அடுத்து டான் ஹியோக் நீ சாலைக்குப் போ. கடைகளுக்கு முன்னால் தூண்கள் தாங்கும் கூரையிட்ட நடைபாதையான காக்கி லிமாவில் உட்கார்ந்தால் மழைக்கும் வெயிலுக்கும் கவலையில்லை. கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, வாசலை மறைக்காமல் உட்கார். உன் கண் மட்டத்தில் லேசாக ஒரு கோடு இழு. அதற்கு மேலே இருக்கும் விளிம்புகள் தூரம் போகப் போக இறங்கும், கீழே இருப்பவை ஏறும், எல்லாம் அந்தக் கோட்டில் ஒரு புள்ளியில் போய்ச் சேரும். தூண்களின் இடைவெளியும் அப்படியே குறுகிக்கொண்டு வரும். இது பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.

ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலை இப்போதைக்குத் தொடாதே. மூன்று லட்சம் கண்ணாடித் துண்டு என்கிறார்கள், எனக்கே இன்னும் துணிச்சல் வரவில்லை. எல்லை தாண்டும்போது சோதனைச்சாவடியிலும் புத்தகத்தை எடுக்காதே, வீண் வம்பு.

இடத்திலேயே உட்கார்ந்து, நேரில் பார்த்ததை வரைய வேண்டும் என்பதை ஓர் இயக்கமாகவே ஆக்கியவர் சியாட்டில் பத்திரிகைக்காரர் கேப்ரியேல் கம்பனாரியோ. 2007-இல் தொடங்கினார். சிங்கப்பூரிலும் 2009 முதல் அப்படி ஒரு குழு உண்டு. கூட்டம் பிடிக்குமென்றால் போ. எனக்குத் தனியாக உட்காருவதுதான் சரி.

ஆனால் மதுரைக்குப் போகிறவள் மனோகர் தேவதாஸை அறிந்துகொண்டு போக வேண்டும். 1936-இல் பிறந்த மதுரைக்காரர். வேதியியல்தான் தொழில், படம் வரைவது ஓய்வு நேரத்தில். விழித்திரை நோயால் பார்வை வட்டம் சுருங்கிக்கொண்டே வந்தது. அப்படியும் மதுரையின் கோபுரங்களையும் தெருக்களையும் பேனா மையில் இழை இழையாக வரைந்தார். மனைவி மஹிமா ஒரு கார் விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலியில் இருந்தவர். அவரையும் பார்த்துக்கொண்டுதான் இவ்வளவும் செய்தார். 2022-இல் காலமானார். அவருடைய மதுரைப் படங்களின் புத்தகம் என்னிடம் இருக்கிறது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டுதான் பார்ப்பேன்.

மதுரையில் நாளுக்கு ஒரு படம் போதும், இருபது நிமிஷம். கோபுரம் வராவிட்டால் தெருமுனையில் நிற்கும் சைக்கிளை வரை. கோணலாக வந்தால் கிழிக்காதே. கீழே தேதியும் இடமும் எழுதிவிட்டு அடுத்த பக்கம் போ.

இந்தச் சனிக்கிழமை காலை ஹியாப் ஜூ ரொட்டிக்கடை எதிரில் இரு. வாழைப்பழக் கேக் நான் வாங்குகிறேன். பேனாவை மறக்காதே, மடக்கு நாற்காலி என்னிடம் இரண்டு இருக்கிறது.

அன்புடன்,
பெரியம்மா