ஜெட் ஸ்கீக்கு எந்த ஆயில்? – நம்பிக்கைகளும் உண்மைகளும்

முட்டுக்காட்டின் உப்பங்கழியிலும், இலங்கையின் பெந்தோட்டைக் கரையிலும், இன்னும் எத்தனையோ கடற்கரை விடுதிகளிலும் ஜெட் ஸ்கீ என்றும் வாட்டர் ஸ்கூட்டர் என்றும் ஜனங்கள் அழைக்கும் சிறு வாகனம், பார்வைக்கு ஒரு விளையாட்டுச் சாமானாகத் தோன்றினாலும், அதற்குள் இருக்கும் யந்திரம் காரின் யந்திரத்தைக் காட்டிலும் கடுமையான வாழ்க்கை நடத்துவதாகும். சாலையில் நிதானமாகப் போகும் காரின் எஞ்சின் நிமிஷத்துக்கு 2,000 அல்லது 2,500 சுற்றோடு திருப்தி அடைந்துவிட, இதன் எஞ்சினோ 7,000 சுற்றுக்கு மேலும் சுழன்று, அடியிலிருந்து இழுத்த தண்ணீரைப் பின்னால் பீய்ச்சித் தள்ளும் பம்பை ஓயாமல் சுமக்கிறது. ஓடாத நாட்களிலோ ஈரமும் உப்புக் காற்றும் அடைபட்ட கூட்டுக்குள் வாரக்கணக்காகச் சும்மா கிடக்கிறது. இத்தகைய எஞ்சினுக்கு எண்ணெய் தேர்ந்தெடுக்கும் விஷயத்தில், கடைக்காரர் சொன்னதும் பக்கத்துப் படகுக்காரர் சொன்னதும் விளம்பரம் சொன்னதும் கலந்து, சில தவறான அபிப்பிராயங்கள் வேரூன்றிவிட்டன. எண்ணெயின் பொருத்தத்தை நிர்ணயிப்பவை, டப்பாவின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் தரக் குறியீடும், அக்குறியீட்டைத்தான் எஞ்சினின் கைப்புத்தகம் கேட்கிறதா என்பதுமே ஆகும். இந்த ஒரு விஷயம் மனத்தில் பதிந்துவிட்டால், கீழே வரும் நம்பிக்கைகளில் பல தாமே விழுந்துவிடும்.

நம்பிக்கை: காருக்கு ஊற்றும் ஆயிலையே ஜெட் ஸ்கீக்கும் ஊற்றலாம்.

உண்மை: 2002ஆம் ஆண்டு வாக்கில் பெரிய கம்பெனிகள் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் வைத்த ஜெட் ஸ்கீகளைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு, காரில் இருப்பதைப் போலவே இவற்றிலும் எண்ணெய் எஞ்சினுக்குள் தங்கி, பம்பினால் தள்ளப்பட்டு, ஃபில்டர் வழியாகச் சுற்றி வருகிறபடியால், இந்த நம்பிக்கை பிறந்ததில் ஆச்சரியம் இல்லை. ஆனால் கார் எண்ணெய்க்கு ஏபிஐ என்னும் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் வழங்கும் எஸ்எல், எஸ்எம், எஸ்என் முதலிய தரங்களில் உப்பு நீர் மூட்டத்தின் நடுவே உலோகம் துருப்பிடிக்கிறதா என்று பார்க்கும் பரீட்சை கிடையாது. அந்தக் குறையை உத்தேசித்தே, அமெரிக்காவின் தேசியக் கடல்சார் உற்பத்தியாளர் சங்கம் 2004ஆம் ஆண்டில் எஃப்சி-டபிள்யூ என்ற தனித் தரத்தை ஏற்படுத்தி, துரு எதிர்ப்போடு, அதிவேகச் சுழற்சியில் நசுங்கியும் எண்ணெய் தன் கெட்டித்தன்மையைக் காப்பாற்றிக்கொள்ளுகிறதா, நுரைக்காமல் இருக்கிறதா, தண்ணீர் கலந்தால் ஃபில்டரை அடைக்கிறதா என்பனவற்றையும் சோதிக்கச் செய்தது. மேலும், தற்காலக் கார்களுக்கென்று வரும் 0டபிள்யூ-20 போன்ற எண்ணெய்கள் பெட்ரோல் சிக்கனத்தைக் கருதி மெல்லியனவாகச் செய்யப்படுபவை. கைப்புத்தகம் ஏபிஐ தரத்தையே கேட்டு, கெட்டியளவும் பொருந்துமானால் கார் எண்ணெய் விஷம் அல்ல. ஆயினும் உப்பு நீரில் ஓடும் வாகனத்துக்கு எஃப்சி-டபிள்யூ குறியும் சேர்ந்திருக்கும் எண்ணெயே க்ஷேமமானது.

நம்பிக்கை: டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு எந்த 2டி ஆயிலும் சரி, கடலுக்கென்று விற்கும் டிசி-டபிள்யூ3 என்றால் கேள்வியே இல்லை.

உண்மை: நான் அறிந்தவரையில் அதிகமான எஞ்சின்களைப் பாழாக்கும் நம்பிக்கை இதுவாகையால், இதைச் சற்று நின்று விசாரிக்க வேண்டும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் எண்ணெய் பெட்ரோலோடு உள்ளே சென்று, பேரிங்குகளையும் பிஸ்டனையும் சிலிண்டர்ச் சுவரையும் நனைத்துவிட்டுப் பிறகு எரிந்துபோகிறது. ஆதலால் அது வழுக்கும் குணத்தோடு, அழுக்கில்லாமல் எரியும் குணமும் உடையதாக இருக்க வேண்டும். படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு எஞ்சின்கள் இடைவிடாது தண்ணீரால் குளிர்விக்கப்பட்டு, தாழ்ந்த உஷ்ணத்தில் ஓடுகிறபடியால், அவற்றுக்கு உலோகச் சத்துள்ள சுத்திகரிப்புப் பொருள்கள் இல்லாத, எரிந்தால் சாம்பல் தங்காத எண்ணெய் வேண்டும். 1990களில் உண்டான டிசி-டபிள்யூ3 தரம் அதற்காகவே ஏற்பட்டது. காற்றினால் குளிரும் மோட்டார் சைக்கிள் எஞ்சினோ கடுமையாகச் சூடேறுகிறது. அந்தச் சூட்டில் பிஸ்டன் வளையங்கள் பிசின் ஏறி ஒட்டிக்கொள்ளாதிருக்க, சிறிது சாம்பல் விட்டாலும் வெப்பத்தைத் தாங்கும் எண்ணெய் அதற்கு அவசியம். ஏபிஐயின் டிசி, ஜப்பானியத் தர அமைப்பான ஜாஸோவின் எஃப்சி, எஃப்டி என்ற குறிகள் இந்த வகையைச் சேர்ந்தவை. ஆகவே பைக் எண்ணெயை அவுட்போர்டில் ஊற்றினால் பிளக்கிலும் பிஸ்டன் தலையிலும் சாம்பல் படியும். அவுட்போர்டு எண்ணெயைச் சூடான எஞ்சினில் ஊற்றினால் வளையம் ஒட்டும்.

ஜெட் ஸ்கீ இவ்விரண்டில் எந்த ஜாதி என்று கேட்டால், கம்பெனிக்குக் கம்பெனி விடை மாறும். யமஹா, கவாஸாகி ஆகியவற்றின் டூ ஸ்ட்ரோக் வாகனங்கள் டிசி-டபிள்யூ3 எண்ணெயைக் கேட்பவை. சீடூ என்ற வகையில் பொருத்திய ரோட்டாக்ஸ் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களில் பலவோ, புகை வெளியேறும் வாயிலில் மேலும் கீழும் அசையும் ஒரு வால்வை உடையவையாய், அந்த இடத்தில் பிசின் சேர்ந்தால் வால்வு சிக்கிக்கொள்ளும் என்பதனால், சாம்பல் குறைந்த ஏபிஐ டிசி எண்ணெயையே கேட்டு, டிசி-டபிள்யூ3 கூடாது என்றும் கைப்புத்தகத்தில் எச்சரிப்பவை. ஒரே துறையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு வாகனங்களுக்கு எதிர் எதிரான எண்ணெய் தேவைப்படலாம் என்பதை, வாடகைக்கு விடுகிறவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். ஒரு வகையிலிருந்து மற்றொரு வகைக்கு மாறும்பொழுது பழைய எண்ணெய்மேலேயே புதியதை ஊற்றாமல், தொட்டியை முற்றும் வடித்துவிடுவது அவசியம். ஒத்துப்போகாத இரண்டு எண்ணெய்கள் கலந்து கூழாகிச் சிறு வடிகட்டியை அடைத்துவிட்டால், தொட்டி நிறைய எண்ணெய் இருந்தும் எஞ்சின் எண்ணெயின்றி இறுகிப்போகும்.

நம்பிக்கை: எண்ணெய் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்குப் பாதுகாப்பும் கூடும்.

உண்மை: பெட்ரோலில் எண்ணெயைக் கலந்து ஓட்டும் பழைய வாகனத்துக்கு 50க்கு 1 என்று விதித்திருந்தால், லிட்டருக்கு 20 மில்லி போதும். அதை இரட்டிப்பாக்குகிறவர், கார்புரேட்டரின் அதே சிறு துவாரத்தின் வழியே போகும் பெட்ரோலின் பங்கைக் குறைத்து, எஞ்சினை அதிகமாகச் சூடேற்றுவதோடு, பிளக்கை நனைத்துக் கரியையும் சேர்க்கிறார். புதிய எஞ்சினின் முதல் டாங்க் பெட்ரோலுக்கு மட்டும் கூடுதல் எண்ணெய் கலக்கும்படி சில கைப்புத்தகங்கள் சொல்லுவதுண்டு. அது அந்த முதல் டாங்கோடு முடிந்துவிடும் விதிவிலக்கு.

ஃபோர் ஸ்ட்ரோக் வாகனத்தில் அளவுக்கு மிஞ்சி ஊற்றிய எண்ணெய் நுரைத்து, மூச்சுக்குழாய் வழியாக ஏறி, காற்றுப் பெட்டியில் தேங்கும். இந்தத் தவறு நேரும் வழியை அருகில் நின்று பார்த்தால்தான் அதன் காரணம் விளங்கும். கார் எஞ்சினின் அடித் திருகைக் கழற்றுவதுபோல இங்கே கழற்ற வழியில்லை. எஞ்சினுக்குக் கீழே படகின் ஓடு இருக்கிறது. ஆகையால் மெக்கானிக் எண்ணெயின் அளவைக் காட்டும் டிப்ஸ்டிக்கை உருவிவிட்டு, அந்தத் துவாரத்தில் மெல்லிய குழாயைச் செருகி, கைப்பம்பினால் பழைய எண்ணெயை உறிஞ்சி எடுக்கிறார். எவ்வளவு சாமர்த்தியமாக உறிஞ்சினாலும், மூலை முடுக்குகளில் ஒரு பங்கு தங்கியே தீரும். அதை அறியாமல் கைப்புத்தகத்தில் கண்ட முழு அளவையும் புதிதாக ஊற்றினால், தங்கியதும் ஊற்றியதும் சேர்ந்து மேல்கோட்டைத் தாண்டிவிடும். எடுத்த எண்ணெயை அளந்து பார்த்து, அதைவிடச் சிறிது குறைத்து ஊற்றி, வாகனத்தைச் சமமாக நிறுத்தி, சில நிமிஷம் ஓடவிட்டு அணைத்து, கைப்புத்தகம் சொல்லும் நேரம் பொறுத்திருந்து, டிப்ஸ்டிக்கைத் துடைத்துச் செருகி எடுத்து, இரண்டு கோடுகளுக்கும் இடையில் நிற்கிறதா என்று பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புவதே முறை.

நம்பிக்கை: உஷ்ண தேசத்துக்குக் கெட்டியான எண்ணெயே தகுந்தது.

உண்மை: எஞ்சினுக்குள் உள்ள உஷ்ணம் வெளியே அடிக்கும் வெயிலைவிட, குளிர்விக்கும் ஏற்பாட்டையும் எஞ்சின் செய்யும் வேலையையுமே பெரும்பாலும் சார்ந்தது. கடல் நீரையே உள்ளே இழுத்துக் குளிர்ந்து வெளியே விடும் ஜெட் ஸ்கீகள், சித்திரை வெயிலிலும் காரைவிடக் குளிர்ச்சியாகவே ஓடக்கூடும். டப்பாவில் 10டபிள்யூ-40 என்றிருந்தால், முதல் எண் குளிர்ந்த நிலையில் எஞ்சின் கிளம்பும் சௌகரியத்தையும், இரண்டாம் எண் 100 டிகிரி செல்சியஸில் எண்ணெயின் கெட்டியளவையும் குறிக்கும். 40 என்ற எண் பெற, அந்த உஷ்ணத்தில் எண்ணெயின் அளவு 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குக் குறையாமலும் 16.3ஐ எட்டாமலும் இருக்க வேண்டும். 50 என்றால் அதற்கும் மேல். எஞ்சினில் பேரிங்குக்கும் தண்டுக்கும் நடுவே விட்டிருக்கும் மயிரிழை இடைவெளி, குறித்த கெட்டியளவை உத்தேசித்தே அமைக்கப்பட்டது. 40 கேட்கும் எஞ்சினில் 20டபிள்யூ-50 ஊற்றுகிறவர், அந்த இடைவெளிக்குள் எண்ணெய் நேரத்தில் போய்ச் சேருவதைத் தாமதப்படுத்துகிறார். தேய்மானத்தில் கணிசமான பங்கு நேருவது எஞ்சினைக் கிளப்பும் அந்தச் சில விநாடிகளிலே. கைப்புத்தகத்தில் உஷ்ண நிலைக்கேற்ற அட்டவணை கொடுத்திருந்தால், அதன்படி மாற்றுவதில் தடையில்லை.

நம்பிக்கை: மோட்டார் சைக்கிள் எண்ணெய்தான் ஜெட் ஸ்கீக்கு மிகப் பொருத்தம்.

உண்மை: ஜாஸோ எம்ஏ என்ற குறி, எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் வழுக்காமலிருக்க வேண்டி மோட்டார் சைக்கிளுக்கு ஏற்பட்டது. ஜெட் ஸ்கீயில் எஞ்சினும் பம்பும் நேராக இணைந்திருக்கின்றன. மோட்டார் சைக்கிளுக்குரிய கியர்ப் பெட்டியும் கிளட்சும் இல்லை. ஆனால் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜர் பொருத்திய ரோட்டாக்ஸ் எஞ்சின்கள் பலவற்றில், அந்தச் சூப்பர்சார்ஜரைச் சுழற்றும் இடத்தில் எஞ்சின் எண்ணெயிலேயே நனையும் சிறு கிளட்ச் ஒன்று உண்டு. உராய்வைக் குறைக்கும் பொருள்கள் மிகுந்த எண்ணெய் அங்கே வழுக்கலை உண்டாக்கும். வழுக்கி உடைந்த கிளட்ச் வளையங்களின் துணுக்குகள் எண்ணெயோடு எஞ்சின் முழுவதும் பரவவும் கூடும். அவ்வகை வாகனம் உடையவர், எண்ணெய் நனைந்த கிளட்சுக்கு ஏற்றது என்று உறுதி கூறும் எண்ணெயையே வாங்க வேண்டும்.

நம்பிக்கை: சிந்தெடிக் ஊற்றிவிட்டால் மாற்றுகிற கவலை இல்லை.

உண்மை: சிந்தெடிக் எண்ணெய் உஷ்ணத்தை அதிகம் தாங்கும் என்பதில் சந்தேகமில்லை; அதை ஊற்றியபின் மினரல் எண்ணெய்க்குத் திரும்பக் கூடாது என்று சொல்லுவதற்கும் ஆதாரமில்லை. எனினும் எரியாத பெட்ரோல் கசிந்து எண்ணெயில் கலப்பதையும், ஈரம் படிவதையும், அமிலம் சேருவதையும் எந்த எண்ணெயும் தடுத்துவிட முடியாது. புதிய வாகனத்தில் முதல் 10 மணி நேர ஓட்டத்துக்குப் பிறகும், அப்பால் 100 மணி நேரத்துக்கு ஒருமுறையும், அவ்வளவு ஓடாவிட்டாலும் வருஷத்துக்கு ஒருமுறையும் மாற்றச் சொல்லுவது பல கைப்புத்தகங்களின் வழக்கம். நெடுநாள் ஓட்டாமல் வைக்கப்போகிறவர், வைப்பதற்கு முன்பே மாற்றுவது நல்லது. அழுக்கு எண்ணெயில் ஊறிக் கிடக்கும் மாதங்களே பேரிங்கைத் தின்பவை.

நம்பிக்கை: எண்ணெயின் நிறமே அதன் நிலையைச் சொல்லிவிடும்.

உண்மை: டூ ஸ்ட்ரோக் எண்ணெயின் நீலமும் சிவப்பும் பச்சையும், பெட்ரோலில் கலந்தது தெரிவதற்காகச் சேர்த்த சாயமே தவிர, தரத்தின் அடையாளம் அல்ல. ஃபோர் ஸ்ட்ரோக் எண்ணெய் கறுத்திருந்தால், கரியைத் தன்னுள் இழுத்து வைத்துக்கொண்டு தன் கடமையைச் செய்கிறது என்றுதான் பொருள். அஞ்ச வேண்டிய நிறம் ஒன்றே ஒன்று: டிப்ஸ்டிக்கில் பால் கலந்த தேநீர்போல வெளுத்துக் காணப்படுவது. தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது என்பதே அதன் அர்த்தம். அப்பொழுது மறுநாளைக்கு என்று ஒத்திவைக்காமல், அன்றைக்கே மெக்கானிக்கிடம் கொண்டுபோய், எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றி, சிறிது ஓடவிட்டு, வெளுப்பு மறையும்வரை மீண்டும் மாற்றி, நீர் புகுந்த வழியையும் கண்டுபிடித்தாக வேண்டும்.

நம்பிக்கை: மக்கும் எண்ணெய் நீரில் கலந்தால் தீங்கில்லை.

உண்மை: மக்குவதற்குக் காலம் பிடிக்கும், அந்தக் காலத்துக்குள் மீன் முட்டைக்கும் இறால் குஞ்சுக்கும் நேரும் கேடு நேர்ந்துவிடும். பழைய கார்புரேட்டர் வகை டூ ஸ்ட்ரோக் எஞ்சின்கள், உள்ளே போன பெட்ரோலிலும் எண்ணெயிலும் நூற்றில் 25 முதல் 30 பங்கு வரையிலும் எரிக்காமலே நீரில் தள்ளக்கூடியவை. அமெரிக்காவின் தாஹோ ஏரியில் 1999ஆம் ஆண்டில் அவ்வகை எஞ்சின்களுக்குத் தடை வந்ததும் இதன் காரணமாகவே. உறிஞ்சி எடுத்த பழைய எண்ணெயை மணலில் கொட்டுவதும் கழியில் கழுவுவதும், நாம் இன்பம் தேடிப் போகும் அதே நீருக்குச் செய்யும் துரோகம். மூடியுள்ள டப்பாவில் சேர்த்துவைத்து, பழைய எண்ணெய் வாங்க அங்கீகாரம் பெற்றவர்களிடம் ஒப்படைப்பதே தர்மம்.

எண்ணெய் வாங்கப் புறப்படுகிறவர், தம்முடைய எஞ்சின் டூ ஸ்ட்ரோக்கா ஃபோர் ஸ்ட்ரோக்கா, அதில் சூப்பர்சார்ஜர் உண்டா, கைப்புத்தகம் கேட்கும் தரமும் கெட்டியளவும் என்ன என்ற மூன்று கேள்விகளுக்கும் விடையை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போய், டப்பாவைத் திருப்பிப் பின்புறத்தோடு ஒத்துப்பார்க்க வேண்டும்; ஒவ்வொரு முறை மாற்றும்பொழுதும் தேதியையும் ஓடிய மணி நேரத்தையும் குறித்து வைக்க வேண்டும். குறியீடு பொருந்திய சாதாரண எண்ணெயைக் காலம் தவறாமல் மாற்றுகிறவருடைய எஞ்சின், பொருந்தாத உயர்ந்த எண்ணெயை ஊற்றிவிட்டு மறந்துபோகிறவருடைய எஞ்சினைவிட நெடுங்காலம் உழைக்கும். கரையை விட்டு வெகுதூரம் போனபின் அது நின்றுவிட்டால் ஆபத்துக்கு உள்ளாவது மேலே அமர்ந்திருக்கும் மனித உயிர் என்பதனால், இந்தச் சிறு சிரத்தையை யாரும் அலட்சியம் செய்யலாகாது.