ஐந்து லட்சத்தின் எல்லை: ஓர் அசமன்பாட்டுப் பாடம்

2020 ஜனவரியில், பெங்களூரு பசவனகுடியில் இயங்கிய ஸ்ரீ குரு ராகவேந்திர சஹகார வங்கியின்மீது ரிசர்வ் வங்கி கட்டுப்பாடுகளை விதித்தது. வைப்பாளர் ஒருவர் 35,000 ரூபாய்க்கு மேல் எடுக்க இயலாத நிலை உண்டாயிற்று. அவர்களுள் ஓய்வுபெற்ற முதியோர் பலர். அடுத்த மாதமே, பிப்ரவரி 4 முதல், 1993ஆம் ஆண்டிலிருந்து 1 லட்சமாக இருந்த வைப்புத்தொகைக் காப்பீட்டு வரம்பு 5 லட்ச ரூபாயாக உயர்ந்தது.

‘ஐந்து லட்சம் வரை காப்பீடு உண்டு’ என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஆயினும், அசலும் அதுவரை சேர்ந்த வட்டியும் கூடிய தொகைக்கே அவ்வரம்பு என்பதைப் பலர் கருதுவதில்லை. அவ்வாறாயின் எவ்வளவு அசல் வைத்தால் முழுத்தொகையும் வரம்புக்குள் அடங்கும்? பள்ளியில் பயின்ற நேரிய சமன்பாடு இதற்கு விடை தரும்.

எல்லையைக் காணல்

நாம் வைக்கும் அசலை ‘அ’ எனக் கொள்வோம். ஆண்டு வட்டி 7 விழுக்காடு எனில், ஓராண்டின் முடிவில் கிடைப்பது 1.07 × அ. இது 5 லட்சத்திற்குச் சமமாகும் இடமே எல்லை.

1.07 × அ = 5,00,000

இருபுறமும் 1.07ஆல் வகுக்க, அ = 4,67,289 (பைசா நீக்கி). ஐந்து லட்சத்தையே அசலாக வைத்தால், ஆண்டு முடிவில் 5,35,000 ஆகும். 35,000 ரூபாய் காப்பீட்டிற்கு வெளியே நிற்கும். வட்டி காலாண்டுதோறும் அசலுடன் சேருமாயின் 1.07க்கு மாற்றாகச் சுமார் 1.0719 என வரும். எல்லை சற்றே குறையும்.

எல்லைக்குள் நிற்றல்

சமன்பாடு ஒரே ஓர் எண்ணைத் தருகிறது. நமக்கோ, அதற்கு மிகாத எத்தொகையும் ஏற்புடையதே. இதனை ‘மிகாது’ எனும் குறியால் எழுதினால் அசமன்பாடு ஆகும்.

1.07 × அ ≤ 5,00,000. ஆகவே அ ≤ 4,67,289.

குறி திரும்பும் இடம்

காப்பீட்டு வரம்பு ஒவ்வொரு வங்கிக்கும் தனித்தனியே கணக்கிடப்படும். ஆகவே 9 லட்சம் உடைய ஒருவர் அதனை இரு வங்கிகளில், ஒரே வட்டி விகிதத்தில், ஓராண்டுக்குப் பிரித்து வைக்க எண்ணுகிறார் என்போம். முதல் வங்கியில் அ; இரண்டாவதில் 9,00,000 − அ. இரண்டாவதற்குரிய நிபந்தனை:

9,00,000 − அ ≤ 4,67,289

இருபுறமும் 9,00,000 கழிக்க, −அ ≤ −4,32,711. இப்போது −1ஆல் பெருக்க வேண்டும். எதிர் எண்ணால் பெருக்கினாலும் வகுத்தாலும் அசமன்பாட்டின் குறி திரும்பும் என்பதை நினைவிற்கொள்க. 2 ஐவிட 3 பெரிது. −2 ஐவிட −3 சிறிது. மூன்று ரூபாய் கடன்பட்டவர் இரண்டு ரூபாய் கடன்பட்டவரினும் தாழ்ந்த நிலையில் இருப்பதை ஒக்கும் இது. எனவே,

அ ≥ 4,32,711

முதல் வங்கிக்குரிய நிபந்தனையையும் சேர்த்தால், அ 4,32,711க்கும் 4,67,289க்கும் இடையே அமைதல் வேண்டும். சரிபாதியான 4,50,000 இவ்விடைவெளியின் நடுவில் உள்ளது. குறியைத் திருப்ப மறந்தவருக்கு 4 லட்சமும் ஏற்புடையதாகத் தோன்றும்; ஆனால் அப்போது இரண்டாம் வங்கியில் 5 லட்சம் அசல் சேர்ந்து, வட்டி வரம்பைக் கடந்துவிடும்.

பயிற்சி

ஒருவருக்கு ஒரே வங்கியின் மல்லேஸ்வரம் கிளையில் சேமிப்புக் கணக்கில் 60,000 ரூபாய் உள்ளது. ஜெயநகர் கிளையில் 7 விழுக்காட்டில் ஓராண்டு நிரந்தர வைப்பு தொடங்க விரும்புகிறார். கிளைகள் வேறாயினும் வங்கி ஒன்றே ஆதலின், ஒருவர் தம் பெயரில் தனித்து வைத்துள்ள தொகைகள் அனைத்தும் ஒன்றாகவே கூட்டப்படும். சேமிப்புக் கணக்கின் வட்டியை விடுத்துக் கணக்கிடுக.

விடை: 1.07 × அ + 60,000 ≤ 5,00,000. முதலில் 60,000 கழிக்க, 1.07 × அ ≤ 4,40,000. பின்னர் வகுக்க, அ ≤ 4,11,214.

வாசகர்கள் தம் வைப்புச் சான்றில் உள்ள வட்டி விகிதத்தை 7 விழுக்காட்டின் இடத்தில் இட்டுத் தம் எல்லையைத் தாமே கணக்கிட்டுக் கொள்ளலாம்.